பாலே பற்றி ஐந்து செய்திகள்: எது நிஜம், எது கப்சா?

மரப்பாச்சி கேட்டது:

ஐரோப்பிய மேடை நடனமான பாலேயின் வரலாற்றை வைத்து ஒரு வினாடி வினா தயாராகிறது. திரட்டிய குறிப்புகளில் கீழே உள்ள ஐந்தும் எங்கே தேடினாலும் வந்து விழுகின்றன. நம்பிப் போட்டுவிட்டு, சபையில் யாராவது கையைத் தூக்கினால் மானம் போய்விடும். அதனால் இங்கே கேட்கிறேன்.

1. கால்விரல் நுனியில் நின்று ஆடிய முதல் பெண் மரி தாலியோனி.
2. அவருடைய ஷூவை ரஷ்ய ரசிகர்கள் சமைத்துச் சாப்பிட்டார்கள்.
3. ஸ்வான் லேக் பாலேயில் ஒற்றைக் காலில் தொடர்ந்து வரும் 32 சுற்று 1877-இல் முதல் அரங்கேற்றத்திலிருந்தே உண்டு.
4. தீப்பிடிக்காத பாவாடையை வேண்டாம் என்று மறுத்த ஒருவர் மேடையிலேயே தீக்கிரையானார்.
5. ரஷ்ய நடனக்காரர் நிஜின்ஸ்கி குதித்தால் காற்றில் ஒரு நொடி அப்படியே நிற்பார்.

சரி, தப்பு என்று மட்டும் சொல்லாமல் காரணமும் சொன்னால் விடைக்குறிப்பில் சேர்த்துக்கொள்வேன். குறிப்பாக அந்த 32 சுற்று: சிலர் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றுகிறார்கள், சிலர் மேடையின் விளிம்புவரை வந்துவிடுகிறார்கள். ஏன்?

---

திரைச்சீலை:

முதல் செய்தி தப்பு.

1796-இல் லண்டனில் ஷார்ல் திதெலோ ‘ஃப்ளோர் எ ஸெஃபீர்’ என்ற பாலேயை அமைத்தார். ஆடுகிறவர்களைக் கம்பியில் கட்டிப் பறக்கவிட்டார். கம்பி மேலே இழுக்கும்போது உடம்பின் எடையில் ஒரு பங்கு கம்பிக்குப் போய்விடும். அதனால் தரையை விட்டுக் கிளம்பும் முன் ஒரு கணம் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டிருக்கும். பார்த்தவர்கள் மயங்கியது அந்த ஒரு கணத்தில்தான். கம்பி இல்லாமல் அதையே செய்ய முடியுமா என்று அடுத்த தலைமுறை இறங்கியது. பாரிஸில் 1815 வாக்கில் ஜெனவியேவ் கோஸ்லான் செய்தார். வியன்னாவில் 1823-இல் அமாலியா புருன்யோலி செய்தார். புருன்யோலி ஆடியதைத் தாலியோனியே பார்த்திருக்கிறார். நுனிக்கு எழப் புருன்யோலி கைகளை உயர்த்தி உந்த வேண்டியிருந்தது. சிரமம் அப்பட்டமாகத் தெரிந்தது.

தாலியோனி சாதித்தது, அந்தச் சிரமம் வெளியே தெரியாமல் செய்தது. தகப்பனார் பிலிப்போ வியன்னாவில் அவரை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் பிழிந்தெடுத்தார். காலையில் இரண்டு மணி நேரம் காலுக்கான பயிற்சி. பிறகு இரண்டு மணி நேரம் நிலைகளில் நிற்பது. ஒரு நிலையைப் பிடித்தால் நூறு எண்ணும்வரை விடக்கூடாது. சாயங்காலம் இரண்டு மணி நேரம் துள்ளல். மகளுக்குக் கைகள் நீளம், தோளும் கொஞ்சம் வளைவு. அதை மறைக்கக் கைகளை மார்புக்கு முன்னால் மணிக்கட்டில் குறுக்காக வைக்கும் நிலைகளை அமைத்தார். குறையை மறைக்க வந்த அந்தக் கைவைப்பைத்தான் இன்றைக்கு உலகம் முழுக்க ‘ரொமாண்டிக் பாணி’ என்று பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

1832 மார்ச் 12, பாரிஸ் ஒபேரா, ‘லா சில்ஃபீத்’. நுனிவிரல் வித்தையாக இல்லாமல் கதைக்குத் தேவையானதாக ஆனது அங்கேதான். சில்ஃபீத் என்பது காற்றில் திரியும் ஓர் உயிர்; அது பாதம் பதித்து நடந்தால் கதையே நிற்காது. ஆகவே கேள்வியை “நுனிவிரல் ஆட்டத்தைக் கதையின் பகுதியாக்கியவர் யார்” என்று மாற்றுங்கள். விடை தாலியோனிதான்.

இரண்டாவது செய்தி: 1842-இல் தாலியோனி பீட்டர்ஸ்பர்க்கை விட்டுக் கிளம்பியபோது அவருடைய ஒரு ஜோடி ஷூ 200 ரூபிளுக்குப் போனதாகவும், ரசிகர்கள் அதை வேகவைத்து சாஸ் ஊற்றி விருந்தாகச் சாப்பிட்டதாகவும் கதை. செவிவழிச் செய்திதான். “என்று சொல்லப்படுகிறது” என்று சேர்த்துக்கொண்டால் போடலாம். ஆனால் ஒன்று, அன்றைய ஷூ என்றால் மெல்லிய தோலும் சாட்டின் துணியும் மட்டுமே. மென்றால் மெல்லலாம்.

---

நூல்கண்டு:

திரைச்சீலை சொன்ன அந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொள்கிறேன். ‘தாலியோனி ஷூ’ என்று படம் போடும் பல பக்கங்கள் இன்றைய பாயிண்ட் ஷூவின் (நுனிவிரலில் ஆடுவதற்கான கெட்டி முனை ஷூ) படத்தைப் போடுகின்றன. இரண்டும் வேறு வேறு.

அவருடைய ஷூவின் முனையில் கெட்டியான எதுவும் கிடையாது. விரல் பக்கமும் இரு ஓரங்களும் நெருக்கமாக டார்னிங் தையல் (கிழிசலை நூலால் அடைப்பது போன்ற தையல்) போட்டிருக்கும். அந்த நூல்தான் பிடிப்பு. மீதியெல்லாம் விரலின் பலம். அதனால் எழுந்து, ஒரு நிலை காட்டி, இறங்க முடியும். நுனியில் நின்றபடி பல சுற்று சுற்ற முடியாது.

இன்றைய ஷூவில் விரல்களைச் சுற்றி ‘பாக்ஸ்’ என்று ஒரு கூடு இருக்கிறது. சாக்குத்துணி, காகிதம், பருத்தித் துணி ஆகியவற்றை மாவுப் பசை தடவி அடுக்கடுக்காக ஒட்டிச் செய்வது. அதன் முனையில் நிற்பதற்கான தட்டையான பரப்புக்குப் பெயர் ‘பிளாட்ஃபார்ம்’. ஒரு பெரிய நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். உள்ளங்காலுக்குக் கீழே விறைப்பான அட்டை அல்லது தோல் பட்டை, அது ‘ஷாங்க்’. கையால் செய்யும் முறையில் ஷூவை உள்வெளியாகத் தைத்து, பிறகு புரட்டி, சுத்தியலால் தட்டி வடிவம் கொண்டுவந்து, இரவு முழுக்க அடுப்புச் சூட்டில் உலர வைப்பார்கள். லண்டனில் 1929-இல் தொடங்கிய ஃப்ரீட் நிறுவனத்தில் ஒவ்வொரு கைவினைஞருக்கும் கிரீடம், மீன் என்று ஒரு முத்திரை உண்டு. ஷூவின் அடியில் அது பதிந்திருக்கும். ஆடுகிறவர்கள் வருடக்கணக்கில் ஒரே முத்திரையைக் கேட்டு வாங்குவார்கள். இன்னொன்று: வலது, இடது கிடையாது. இரண்டும் ஒரே வார்ப்பு. காலில் போட்டுப் பழகித்தான் பிரியும்.

புது ஷூவை அப்படியே போட்டுக்கொண்டு மேடைக்குப் போக முடியாது. ரிப்பனையும் குதிகால் எலாஸ்டிக்கையும் தாங்களே தைப்பார்கள், ஏனென்றால் தைக்கும் இடம் ஆளுக்கு ஆள் மாறும். ஷாங்கைக் குதிகால் பக்கமிருந்து கால்வாசி வெட்டி எடுப்பார்கள், இல்லாவிட்டால் மடிப்பார்கள். பாதத்தின் வளைவு தொடங்கும் இடத்தில் ஷூ வளைய வேண்டும். அடித்தோலைக் கத்தியால் கீறுவார்கள், வழுக்காமல் இருக்க. பாக்ஸைப் படிக்கட்டிலோ சுவரிலோ ஓங்கி அடிப்பார்கள். கோபத்தில் அல்ல, மேடையில் டொக் டொக் என்று சத்தம் கேட்காமல் இருக்க. பிளாட்ஃபார்மின் விளிம்பைச் சுற்றி டார்னிங் தையல்; தாலியோனி காலத்துப் பழக்கத்தில் மிஞ்சியது அதுதான்.

ஷூ ‘சாவது’ வியர்வையால். காலின் சூடும் ஈரமும் பசையைக் கரைத்துவிடும். பாக்ஸ் தளர்ந்தால் விரல் நேராகத் தரையில் இடிக்கும். ஷாங்க் தளர்ந்தால் ஆடுகிறவர் பிளாட்ஃபார்மைத் தாண்டி முன்னே சரிவார். உள்ளே அவலரக்கு வார்னிஷோ சூப்பர் க்ளூவோ விட்டுக் காயவைத்தால் கொஞ்சம் ஆயுள் கூடும். அப்படியும் ஒரு முழுநீள ஸ்வான் லேக்கில் முதன்மை நடனக்காரருக்கு இரண்டு மூன்று ஜோடி போய்விடும். 1993-இல் வந்த கெய்னர் மிண்டன் ஷூவில் பசைக்குப் பதில் பிளாஸ்டிக் வகைப் பொருள் இருப்பதால் கரையும் பிரச்சினை இல்லை. ஆனால் பசை ஷூவில் பழகியவர்கள் பலர் அதைச் சீந்துவதில்லை.

ரஷ்ய நடனக்காரர் அன்னா பாவ்லோவாவை இங்கே சேர்க்கலாம். அவருக்கு வளைவு அதிகம், பாதம் மெலிவு. அன்றைய மெல்லிய ஷூவில் நிலையாக நிற்க முடியாது. மிலானில் நிக்கோலினியிடம் வாங்கிய ஷூவுக்குள் கெட்டித் தோல் வைத்து, முனையையும் தட்டி அகலப்படுத்திக்கொண்டார். ஏமாற்று வேலை என்று சகாக்கள் முணுமுணுத்தார்கள். புகைப்படங்களிலோ அந்த அகலமான முனையை அழித்து ஊசிமுனைபோல் திருத்தச் செய்தார். இன்றைய ஷூ அவர் புகைப்படத்தில் காட்டியதைப் போல இல்லை, காலில் போட்டதைப் போலத்தான் இருக்கிறது.

---

பம்பரம்:

மூன்றாவது செய்தி தப்பு. 1877-இல் மாஸ்கோ பல்ஷோய் அரங்கில் ஸ்வான் லேக்கை அமைத்தவர் ரைசிங்கர். அதில் 32 சுற்று இல்லை. இன்று அந்தச் சுற்று வரும் இசைகூட அப்போது முதல் அங்கத்தில் இருந்தது. அதை மூன்றாம் அங்கத்துக்கு நகர்த்தியது 1895 தயாரிப்பில். அந்தத் தயாரிப்பு பெத்திபாவும் லெவ் இவானோவும் அமைத்தது, பீட்டர்ஸ்பர்க் மரியின்ஸ்கி அரங்கு, பழைய ரஷ்ய நாட்காட்டிப்படி ஜனவரி 15. ஆடியவர் மிலானிலிருந்து வந்த பியரினா லென்யானி. 1893-இல் சிண்ட்ரெல்லா பாலேயில் இதே சுற்றைப் போட்டு பீட்டர்ஸ்பர்க்கைத் திகைக்க வைத்தவர் அவர். அந்த வித்தை கையில் இருந்ததால் ஸ்வான் லேக்கில் இடம் கண்டுபிடித்துச் செருகினார்கள். கதைக்கும் 32-க்கும் சம்பந்தம் தேடுகிறவர்கள் வீணாகத் தேடுகிறார்கள்.

மிலானில் இரண்டு விஷயங்கள் முன்னேறியிருந்தன. ஒன்று, நூல்கண்டு சொன்ன கெட்டி முனை ஷூ. இரண்டாவது, தலையைக் கடைசியில் திருப்பும் பழக்கம்: கண்ணை எதிரே ஒரு புள்ளியில் வைத்து, உடம்பு சுற்ற ஆரம்பித்த பிறகும் தலையை அங்கேயே நிறுத்தி, இனி முடியாது என்கிறபோது சட்டென்று திருப்பி மறுபடி அதே புள்ளியைப் பிடிப்பது. தலை பெரும்பாலும் அசையாமல் இருப்பதால் உட்காதின் திரவம் தொடர்ந்து சுழல்வதில்லை, கிறுகிறுப்பு குறைகிறது. ரஷ்யர்களில் 32-ஐ முதலில் எட்டிப் பிடித்தவர் மத்தில்தா க்ஷெசின்ஸ்கயா. (இவருடைய மாளிகையின் மாடத்தில் நின்றுதான் 1917-இல் லெனின் பேசினார். வினாடி வினாவுக்கு இது நல்ல கேள்வி.)

இப்போது சுற்றின் கணக்கு. பெயர் ஃபுவெத்தே, பிரெஞ்சில் சாட்டையடி. வழக்கமாக இடது கால் ஊன்றி, வலப்பக்கம் சுற்றுவார்கள். தொடக்கம் ஒரு சாதாரணப் பிரூவெத், அதாவது ஒற்றைக் காலில் ஒரு சுழற்சி. பிறகு ஒவ்வொரு முறையும் இதுதான் வரிசை: முகம் சபையைப் பார்க்கும்போது ஊன்றிய கால் மடங்கிக் குதிகால் தரையில் படும்; அதே நேரம் வலது கால் முன்னால் நீண்டு, பக்கவாட்டுக்கு வீசும்; கைகள் விரியும். அடுத்து ஊன்றிய கால் நுனிக்கு எழும், வலது பாதம் முழங்காலுக்கு வந்து சேரும், கைகள் மூடும், உடம்பு ஒரு முழுச் சுற்று. ரஷ்யப் பள்ளியில் முன்னால் நீட்டாமல் நேராகப் பக்கவாட்டிலேயே திறப்பார்கள்.

சபையைப் பார்க்கும் அந்தக் கணத்தில் உடம்பு நிற்கிறது, சுற்றும் நிற்கவேண்டியதுதானே? நிற்பதில்லை. அந்த வேளையில் வலது கால் முன்னாலிருந்து பக்கத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பின் கோண உந்தம், அதாவது சுழற்சியின் உந்துதல், அந்தக் காலில் போய்த் தங்கியிருக்கிறது. காலை உள்ளே இழுத்ததும் அது உடம்புக்குத் திரும்பி வருகிறது. உராய்வில் இழந்ததை, பாதம் முழுசாகத் தரையில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் தரையை முறுக்கித் தள்ளி ஈடுகட்ட வேண்டும். குதிகால் தரையைத் தொடாமல் அவசரப்படுகிறவர்களுக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது சுற்றிலேயே வேகம் வடியும்.

நகர்ந்து போவதற்கான காரணங்கள்:

முதல் காரணம், எழும் விதம். மெதுவாக உருண்டு எழுந்தால் எடை குதிகாலிலிருந்து விரலுக்கு முன்னே போகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் முன்னேற்றம். சின்னத் துள்ளலோடு எழுந்து விரலைத் தனக்கடியில் இழுத்துக்கொண்டால் அதே இடத்தில் நிற்கலாம், ஆனால் 32 தடவையும் ஒரே அளவு இழுக்க வேண்டும். களைப்பு வந்ததும் முதலில் கெடுவது இதுதான்.

அடுத்து வலது கால். பக்கவாட்டைத் தாண்டிப் பின்னால் போனால் இடுப்பு திறந்து, முதுகு எதிர்ப்பக்கம் சாயும். பக்கவாட்டை எட்டும் முன்பே மடக்கினால் உந்தம் போதாது, அதைத் தோளால் ஈடுகட்டப் பார்ப்பார்கள், அச்சு சாயும். பத்துக்கு எட்டு முறை சாய்வுக்குக் காரணம் காலில்தான் இருக்கும்; குற்றம் மட்டும் ஷூவின் தலையில் விழும்.

மூன்றாவது மேடை. பழைய ஐரோப்பிய அரங்குகளில் மேடை சபையை நோக்கிச் சரிந்திருக்கும். பாரிஸ் கார்னியே அரங்கில் அது 5 சதவீதம், அதாவது 20 அடிக்கு ஓர் அடி. சமதரையில் பழகியவரை அது முன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பார்த்த ‘விளிம்புவரை வருகிறவர்கள்’ பலருக்கு இரண்டோ மூன்றோ காரணங்கள் சேர்ந்திருக்கும்.

ஒன்று சொல்ல வேண்டும். 32 போடாதவர் திறமை குறைந்தவர் இல்லை. மாயா பிளிசெத்ஸ்காயா அந்த இடத்தில் மேடையை வட்டமடித்து வேகச் சுற்றுகள் போட்டார். யாரும் டிக்கெட் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை.

---

மரப்பாச்சி:

அருமை. ஷூ வழுக்காமல் இருக்க ரோசின் போடுவார்கள் என்று படித்தேன். வயலின் வில்லுக்குத் தேய்க்கிற அதே சரக்கா?

---

நூல்கண்டு:

அதேதான். பைன் மரப் பிசினிலிருந்து வருவது. கட்டியாக ஒரு மரத்தட்டில் மேடை ஓரம் வைத்திருப்பார்கள். மிதித்து நொறுக்கிப் பிளாட்ஃபார்மிலும் அடியிலும் ஒட்டவைப்பார்கள். சிலர் குதிகாலின் உட்புறத்திலும் தடவுவார்கள், ஷூ கழன்று வராமல் இருக்க. ஃபுவெத்தேக்கு மட்டும் கவனம்: அதிகமானால் நுனி தரையைக் கவ்விக்கொள்ளும், மேலே உடம்பு திரும்பும், நடுவில் முழங்கால் மாட்டிக்கொள்ளும்.

---

திரைச்சீலை:

நான்காவது செய்தி நிஜம். பெயர் எம்மா லிவ்ரி. தாலியோனி தன் வாரிசாகக் கருதியவர். தாலியோனி அமைத்த ஒரே பாலேயான ‘பாப்பியோன்’ இவருக்காகத்தான் (1860, இசை ஒஃபன்பாக்).

பாவாடை ஏன் அப்படி எரிந்தது? மெல்லிய மஸ்லின், டார்லட்டன் துணிகள் பல அடுக்கு, அடுக்குகளுக்கு இடையே காற்று, மேலே கஞ்சி. பாரிஸ் ஒபேராவில் 1822-லிருந்து வாயு விளக்கு. நிலா வெளிச்சம் மாதிரியான அந்த மங்கல் ஒளிதான் ‘லா சில்ஃபீத்’ வகை பாலேக்களின் அழகு. அதே சுடர் பக்கவாட்டில் மறைப்பின்றி எரிந்துகொண்டிருக்கும். லண்டனில் 1844-இல் கிளாரா வெப்ஸ்டர் என்பவர் இப்படித்தான் மேடையில் தீப்பற்றி மூன்றாம் நாள் இறந்தார்.

தடுப்பு வழி இருந்தது. கார்தெரான் என்பவரின் முறை: படிகாரம் சேர்ந்த உப்புக் கரைசலில் துணியை முக்கி உலர்த்துவது. 1859-இல் அரசாணை போட்டுக் கட்டாயமாக்கினார்கள். ஆனால் உலர்ந்ததும் துணி விறைக்கும், வெண்மை போய் அழுக்கு நிறம் வரும், மிதக்காது. காற்றாக ஆட வேண்டியவருக்கு அது கோணிப்பை மாதிரி. தன் சாதாரணப் பாவாடையிலேயே ஆடுவேன், பொறுப்பு என்னுடையது என்று லிவ்ரி 1860-இல் எழுதிக் கொடுத்தார்.

1862 நவம்பர் 15, ஒத்திகை. உட்காரும்போது கசங்காமல் இருக்கப் பாவாடையை விரித்து உதறியதில் விளக்கின் சுடர் பற்றியது. எட்டு மாதம் போராடி 1863 ஜூலை 26-இல் இறந்தார், வயது 20. மிஞ்சிய கருகிய துணி இன்னும் பாரிஸ் ஒபேரா நூலக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உங்கள் குறிப்பில் ‘மேடையிலேயே தீக்கிரையானார்’ என்பதை மட்டும் திருத்துங்கள். நிகழ்ச்சியில் அல்ல, ஒத்திகையில், இறந்தது பிறகு.

---

பம்பரம்:

ஐந்தாவதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். காற்றில் யாரும் நிற்க முடியாது. உடம்பின் நிறை மையம் எறிந்த கல் போகும் பாதையில்தான் போகும். ஆனால் உச்சியில் கால்களை விரித்துக் கைகளை உயர்த்தினால் நிறை மையம் உடம்புக்குள் மேலே ஏறும். அதனால் தலை அந்த நேரத்தில் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் நகரும். பார்க்கிறவர் கண் தலையைத்தான் பின்தொடர்கிறது. ‘நின்றார்’ என்பது அப்படி வந்தது.

நிஜின்ஸ்கிக்குக் கூடுதலாக ஒரு வசதி. 1911-இல் மான்டி கார்லோவில் அரங்கேறிய ‘ஸ்பெக்த்ர் த லா ரோஸ்’ அவர் ஜன்னல் வழியாகப் பாய்ந்து வெளியேறுவதோடு முடியும். எழுவதுதான் சபைக்குத் தெரியும். இறங்குவதை ஜன்னல் மறைத்துவிடும், அந்தப் பக்கம் ஆட்கள் பிடித்துக்கொள்வார்கள். இறங்கியதைப் பார்க்காதவர்கள் இன்னும் அவர் மேலேயே இருப்பதாக நினைத்ததில் வியப்பென்ன!

---

திண்ணைப்பேச்சு:

ஐந்தும் முடிந்துவிட்டன. ஆறாவதாக ஒன்று சேர்க்க இடம் இருந்தால் இது.

1830-இல் பாரிஸில் தாலியோனி ஒரு ‘பயாதேர்’ ஆக ஆடினார். இந்தியக் கோயில் நடனக்காரி என்று பொருள். ஆடுபவள் என்ற போர்த்துகீசியச் சொல் பிரெஞ்சுக்குப் போய் அப்படி ஆனது. கற்பனை இந்தியா, மஸ்லின் பாவாடை, சாட்டின் ஷூ. எட்டு வருஷம் கழித்து, 1838-இல், புதுச்சேரிப் பக்கத்துத் திருவந்திபுரத்திலிருந்து நிஜமான தேவதாசிகளே பாரிஸில் வந்து இறங்கினார்கள். ஐந்து பெண்கள், கூட வாத்தியக்காரர்கள். வெரைட்டே அரங்கில் ஆடினார்கள், பிறகு லண்டன் அடெல்ஃபியில். வெறுங்கால், சலங்கை, தரையில் முழுப் பாதம் பதித்துத் தட்டும் ஆட்டம். நுனிவிரலுக்கு நேர் எதிர். அவர்களில் அம்மணி என்பவரைப் பார்த்து சொக்கிப்போய் எழுதியவர் தெயோஃபில் கோத்தியே. மூன்று வருஷம் கழித்து ‘ஜிசெல்’ பாலேயின் கதையை எழுதியவர்களில் ஒருவர் அவர்தான்; 1858-இல் சகுந்தலையையும் பாலேக் கதையாக்கினார். ‘பார்’ என்ற பெயருடைய சிற்பி அதே 1838-இல் அம்மணியின் வெண்கலச் சிற்பத்தை வடித்தார்.

கேள்வியாகப் போடுவதென்றால் இப்படி: “1838-இல் பாரிஸில் ஆடிய தமிழ்நாட்டுக் கோயில் நடனக்காரிகளைப் பாராட்டி எழுதி, பின்னர் ஜிசெல் கதையில் பங்கேற்ற பிரெஞ்சு எழுத்தாளர் யார்?” பெத்திபாவின் ‘லா பயாதேர்’ பாலேயோடு இதைக் குழப்பிவிடாதீர்கள். அது 1877, பீட்டர்ஸ்பர்க்.

---

மரப்பாச்சி:

ஆறாவது கேள்வியும் சேர்ந்துவிட்டது. முதலாவதையும் நான்காவதையும் திருத்திவிட்டேன். ஷூ விருந்துக்கு ‘என்று சொல்லப்படுகிறது’ போட்டாயிற்று. லென்யானி பெயரை எல்லா இடத்திலும் ‘லெக்னானி’ என்று அடித்து வைத்திருந்தேன், அதையும் மாற்றுகிறேன்.